டேப் இமேஜுக்குள்ள இருந்து பைலை எடுக்கணுமா, முதல்ல ரெக்கார்டு நீளத்தை பாருங்க

பழைய மேக்னெடிக் டேப்போட இமேஜ், அதாவது டேப்புல இருந்ததை காப்பி பண்ணி வச்ச பைல், ஒண்ணு கைக்கு வந்தா முக்காவாசி பேர் என்ன பண்றாங்கன்னா, ஜிப் பைலை திறக்குற சாப்ட்வேர்ல போட்டு பாக்குறாங்க, அது முகத்தை திருப்பிக்கிட்டா ஸ்ட்ரிங்ஸ் கமாண்டை ஓட்டி கண்ணுக்கு படிக்கிற மாதிரி என்ன வருதோ அதை பாக்குறாங்க, நடுநடுவுல குப்பை எழுத்தா வந்ததும் "இது கரப்ட் ஆயிடுச்சு"ன்னு மூடி வச்சிடுறாங்க. அந்த பைல்ல பெரும்பாலும் ஒரு கோளாறும் இருக்காது. நடுவுல வந்த குப்பை எழுத்துல பாதி கன்டெய்னரோட, அதாவது டேட்டாவை சுத்தி இருக்குற உறையோட, சொந்த சங்கதி, மீதி ஈபிசிடிக்ல, அதாவது ஐபிஎம்மோட பழைய எழுத்துக் குறியீட்டுல, இருக்குற நல்ல சுத்தமான டெக்ஸ்ட்.

இந்த இமேஜ் எல்லாம் ஆர்கைவ் கிடையாது, அதை மனசுல வச்சுக்கிட்டா பாதி குழப்பம் போயிடும். ஆர்கைவ்னா உள்ள ஒரு பட்டியல் இருக்கும், எந்த பைல் எங்க ஆரம்பிக்குது எவ்ளோ நீளம்னு. டேப்புக்கு பட்டியலே கிடையாது. அரை இன்ச் அகல 9 டிராக் டேப்புல ஹார்ட்வேருக்கு தெரிஞ்சது ரெண்டே விஷயம்தான்: ஒண்ணு ரெக்கார்டு, அதாவது ஒரே மூச்சுல எழுதின பைட்டு கூட்டம், அதுக்கு பின்னாடி கொஞ்சம் காலி இடம், இன்னொண்ணு டேப் மார்க், டேட்டா எதுவும் இல்லாத ஒரு ஸ்பெஷல் அடையாளம். பைல் பேர், தேதி, யார் எழுதினது, எந்த கேரக்டர் செட், இது எதுவும் டேப் டிரைவுக்கு தெரியாது, எல்லாம் மேல இருக்குற ஆப்பரேட்டிங் சிஸ்டம் அந்த ரெக்கார்டுக்குள்ள எழுதி வச்சதுதான், ஒவ்வொரு சிஸ்டமும் தன் இஷ்டத்துக்கு எழுதி வச்சிருக்கும்.

அந்த காலி இடம்னு சொன்னேன்ல, அது சின்ன சமாச்சாரம் இல்ல. 2400 அடி ரீல், இன்ச்சுக்கு 1600 பைட்டுன்னு வைங்க, ஒரு 80 பைட்டு ரெக்கார்டுக்கு தேவைப்படுற இடம் 0.05 இன்ச், அதுக்கு அடுத்து வர்ற இடைவெளி 0.6 இன்ச். அதாவது டேட்டாவை விட பன்னெண்டு மடங்கு காலி. 80 எழுத்து இருக்குற ஒவ்வொரு பஞ்ச் கார்டையும் தனி ரெக்கார்டா எழுதினா முழு ரீல்லயும் சுமார் 35 லட்சம் பைட்டுதான் போகும், அதையே நூறு நூறா சேத்து 8000 பைட்டு பிளாக்கா எழுதினா அதே ரீல்ல 4 கோடி பைட்டுக்கு மேல போகும். அதனாலதான் பிளாக்கிங்னு ஒண்ணு வந்துச்சு, ஒரு பிசிகல் பிளாக்குக்குள்ள பல லாஜிகல் ரெக்கார்டு. இதை ஏன் இங்க இழுக்குறேன்னா, பைலை வெளிய எடுக்கும்போது அந்த பிளாக்கிங்கை நீங்கதான் திருப்பி பிரிக்கணும், பிளாக் எங்க முடியுதுன்னு தெரியலன்னா பல பார்மட்டுல பிரிக்கவே முடியாது.

இங்கதான் கன்டெய்னர் வருது. டேப்பை வெறும் டிடி (பைட்டை அப்படியே காப்பி பண்ற யூனிக்ஸ் கமாண்ட்) போட்டு ஒரே பைலா காப்பி பண்ணிட்டா பைட்டு எல்லாம் வந்துடும், ஆனா ரெக்கார்டு எல்லை போயிடும். டார் பைலா (பல பைலை ஒண்ணா கட்டுற யூனிக்ஸ் மூட்டை) இருந்தா பரவால்ல, அதுக்கு எல்லை தேவையில்ல. மத்த பார்மட்டுல அந்த எல்லைதான் பாதி தகவல். அதனால ரெக்கார்டு நீளம், டேப் மார்க், எந்த ரெக்கார்டு படிக்கும்போது எரர் வந்துச்சு, இது மூணையும் சேத்து வைக்க ஒரு உறை தேவைப்பட்டுச்சு, ஆளாளுக்கு ஒரு உறை பண்ணிட்டாங்க.

இதுல அதிகமா கண்ணுல படுறது சிம்எச் பார்மட். பாப் சப்னிக் 1993ல ஆரம்பிச்ச எமுலேட்டர் (பழைய கம்ப்யூட்டரை சாப்ட்வேர்லயே ஓட்டுறது) ப்ராஜெக்ட்ல இருந்து வந்தது, பைல் எக்ஸ்டென்ஷன் டி.ஏ.பி. அமைப்பு ரொம்ப சிம்பிள்: ரெக்கார்டுக்கு முன்னாடி நாலு பைட்டுல நீளம், லிட்டில் எண்டியன்ல, அதாவது கீழ் பைட்டு முதல்ல, அப்புறம் டேட்டா, அப்புறம் அதே நீளம் இன்னொரு தடவை நாலு பைட்டுல. பின்னாடி ஏன் இன்னொரு தடவைன்னா, டேப் டிரைவ் பின்பக்கமாவும் படிக்கும், எமுலேட்டரும் பின்னாடி போகணும், அதுக்கு. நீளம் ஒற்றைப்படையா இருந்தா டேட்டாவுக்கு அப்புறம் ஒரு பைட்டு சும்மா ஒட்டி இரட்டைப்படை ஆக்கிடும், ஆனா எழுதியிருக்குற நீளம் உண்மையான ஒற்றை எண்ணாவேதான் இருக்கும். நாலு பைட்டும் பூஜ்யமா இருந்தா டேப் மார்க். நாலும் 255ஆ இருந்தா மீடியம் முடிஞ்சது. முதல் பைட்டு 254, மீதி மூணும் 255ன்னா அழிச்ச இடைவெளி, தாண்டி போயிடலாம். நீளத்தோட மேல் பிட் ஆன் ஆகியிருந்தா அந்த ரெக்கார்டை படிக்கும்போது எரர் வந்திருக்குன்னு அர்த்தம், டேட்டா இருக்கும் ஆனா நம்ப முடியாது.

டிஇசி கம்பெனியோட பழைய பிடிபி-11 கம்ப்யூட்டருக்கு எமுலேட்டர் ஒண்ணு, ஈ11னு, அதுவும் கிட்டத்தட்ட இதே பார்மட்தான், ஒரே ஒரு வித்தியாசம், அந்த ஒட்டு பைட்டு கிடையாது. எக்ஸ்டென்ஷன் அதே டி.ஏ.பி.யா கூட இருக்கலாம். இரட்டை நீள ரெக்கார்டா இருக்குற வரைக்கும் ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியாது, முதல் ஒற்றை நீள ரெக்கார்டு வந்த உடனே எல்லாம் ஒரு பைட்டு தள்ளிப்போயி அதுக்கப்புறம் வர்ற நீளமெல்லாம் கோடிக்கணக்குல காட்டும். டிபிசின்னு இன்னொண்ணு இருக்கு, அதுல முன்னாடி ரெண்டே பைட்டு நீளம், பின்னாடி ஒண்ணும் இல்ல, ரெண்டு பைட்டு பூஜ்யம்னா டேப் மார்க். பின்பக்க நீளம் இல்லாததால சரிபாக்க வழியே இல்ல, எனக்கு சுத்தமா பிடிக்காத பார்மட்.

ஐபிஎம் மெயின்பிரேம் பக்கம் போனா ஏடபிள்யூஎஸ் பார்மட். கூகுள்ல இந்த பேரை போட்டு தேடினா கிளவுட் அக்கவுண்ட் திறக்க சொல்லும், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இதுல ஒவ்வொரு துண்டுக்கும் முன்னாடி ஆறு பைட்டு ஹெடர்: ரெண்டு பைட்டு இந்த துண்டோட நீளம், ரெண்டு பைட்டு முந்தின துண்டோட நீளம், ரெண்டு பைட்டு கொடி, அதாவது ஃபிளாக். கொடில 128 இருந்தா ரெக்கார்டு இங்க ஆரம்பம், 32 இருந்தா இங்க முடிவு, 64 இருந்தா டேப் மார்க். மெயின்பிரேமே பிக் எண்டியன் (மேல் பைட்டு முதல்ல), டேட்டா முழுக்க பிக் எண்டியன், ஆனா இந்த ஹெடர் மட்டும் லிட்டில் எண்டியன், பிசி உலகத்துல பொறந்த பார்மட்ல. ஒரு ரெக்கார்டு பல துண்டா வரலாம், முடிவு கொடி வர்ற வரைக்கும் சேத்துக்கிட்டே போகணும். ஹெர்குலிஸ் எமுலேட்டரோட எச்ஈடி இதே ஹெடர்தான், துண்டை ஜீலிப்லயோ பீசிப்2லயோ கம்ப்ரஸ் பண்ணி வச்சிருக்கும், எதுல பண்ணியிருக்குன்னு கொடியிலேயே தெரியும்.

சரி, கைல இருக்குறது எந்த பார்மட்னு எப்படி தெரிஞ்சுக்குறது? எக்ஸ்டென்ஷனை நம்பவே நம்பாதீங்க. கமோடோர் 64 கேசட் இமேஜுக்கும் டி.ஏ.பி., இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கேசட் இமேஜுக்கும் டி.ஏ.பி., மூணுக்கும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டுமில்ல உறவுமில்ல. கமோடோர்ல வர்றது பல்ஸோட நீளம், பைட்டே கிடையாது. ஸ்பெக்ட்ரம்ல ரெண்டு பைட்டு நீளம், கடைசில எக்ஸார் செக்சம், ஹெடர் பிளாக்கு எப்பவும் 19 பைட்டு, அதனால ஹெக்ஸ்ல பைல் 13 00 00ன்னு ஆரம்பிச்சா அது ஸ்பெக்ட்ரம்தான்னு பாத்த உடனே சொல்லிடலாம். அது தனி உலகம், விடுங்க.

ரீல் டேப்புக்கு வருவோம். ஹெக்ஸ் வியூவர்ல முதல் வரியை பாருங்க. லேபிள், அதாவது டேப்பையும் பைலையும் பத்தின அடையாள ரெக்கார்டு, போட்ட டேப்புன்னா முதல் ரெக்கார்டு எப்பவும் 80 பைட்டு வால்யூம் லேபிள். 80ங்கறது ஹெக்ஸ்ல 50. சிம்எச் பைல் அப்போ 50 00 00 00ன்னு ஆரம்பிக்கும். ஏடபிள்யூஎஸ் பைலோ, இந்த துண்டு 80, முந்தினது பூஜ்யம், அதுவும் 50 00 00 00தான்! முதல் நாலு பைட்டு ரெண்டுலயும் அச்சு அசல் ஒண்ணு. அஞ்சாவது பைட்டுலதான் பிரியுது: ஏடபிள்யூஎஸ்ல அது கொடி, ஆரம்பம் 128ம் முடிவு 32ம் சேந்து டெசிமல்ல 160, அடுத்தது பூஜ்யம், அதுக்கப்புறம்தான் லேபிள். சிம்எச்ல அஞ்சாவது பைட்டுலயே லேபிள் ஆரம்பிச்சிடும். அங்க டெசிமல்ல 86 79 76 49 இருந்தா ஆஸ்கில விஓஎல்1, 229 214 211 241 இருந்தா அதே விஓஎல்1 ஈபிசிடிக்ல. ஒரு வரியை பாத்துட்டு கன்டெய்னரும் தெரிஞ்சுது, லேபிள் இருக்குன்னும் தெரிஞ்சுது, எழுதினது ஐபிஎம் குடும்பமா இல்லையான்னும் தெரிஞ்சுது. இந்த இடம் எனக்கு ரொம்ப பிடிக்கும், எத்தனை தடவை பாத்தாலும் சலிக்காது.

லேபிள் இல்லாத டேப்புன்னா முதல் நீளமே சாட்சி சொல்லும். 00 28 00 00 வந்தா 10240, டாரோட இருபது மடங்கு பிளாக்கிங், யூனிக்ஸ் டேப்பா இருக்க ஏகப்பட்ட வாய்ப்பு, பிஎஸ்டி யூனிக்ஸோட டம்ப்பா (பேக்கப்) கூட இருக்கலாம். 14 பைட்டு ரெக்கார்டு வந்து அதுக்கப்புறம் 512 512ஆ வந்தா டிஇசியோட டாஸ்-11 பார்மட், அந்த 14 பைட்டுல பைல் பேர் ரேடிக்ஸ்-50ல மூணு எழுத்து ஒரு 16 பிட் வேர்டுக்குள்ள அமுங்கி உக்காந்திருக்கும். எல்லா ரெக்கார்டும் 2720ன்னா டிஇசியோட பிடிபி-10 கம்ப்யூட்டர்ல டாப்ஸ்-10 ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட பேக்கப், 2590ன்னா டாப்ஸ்-20ஓட டம்பர். இதெல்லாம் உள்ள ஒரு எழுத்து கூட படிக்காமலே, வெறும் நீளத்தை வச்சு.

அதனால நான் முதல்ல எழுதுற ஸ்கிரிப்ட் பைல் எதையும் வெளிய எடுக்காது, வெறும் வரைபடம் போடும். பைத்தான்ல ஸ்ட்ரக்ட் மாட்யூல் வச்சு இருபது முப்பது வரி போதும்: நாலு பைட்டு படி, பூஜ்யமா இருந்தா டேப் மார்க்னு எழுது, இல்லன்னா அவ்ளோ தூரம் தாண்டு, ஒற்றைப்படைன்னா இன்னொரு பைட்டு தாண்டு, பின்னாடி இருக்குற நாலு பைட்டை படிச்சு முன்னாடி இருந்ததோட ஒத்துப்போகுதான்னு பாரு, போகலன்னா அங்கேயே நின்னு கத்து. நீளத்தை பயன்படுத்துறதுக்கு முன்னாடி மேல இருக்குற எரர் பிட்டை கழட்டிடணும், இல்லன்னா ஒரு கெட்ட ரெக்கார்டு வந்ததும் ஸ்கிரிப்ட் இருநூறு கோடி பைட்டு தாண்ட பாக்கும். ஒற்றை நீளத்துல ஒத்துப்போகாம நின்னுச்சுன்னா ஒட்டு பைட்டு இல்லாம பாரு, ஒத்துப்போச்சுன்னா அது ஈ11. ஒரே நீளம் தொடர்ந்து வந்தா ஒவ்வொண்ணா அச்சடிக்காம "10240 பைட்டு, 312 தடவை"ன்னு சுருக்கி போட சொல்லுங்க, ஒரு முழு ரீலும் ஒரே ஸ்கிரீன்ல வந்துடும். டேப்பை பத்தி அதை விட நல்ல அறிமுகம் கிடையாது. சிம்எச் கூட வர்ற கருவிகள்ல எம்டிடம்ப்னு இருக்கு, ஹெர்குலிஸ்ல டேப்மேப்னு இருக்கு, அதையும் ஓட்டலாம், ஆனா சொந்தமா எழுதினா பாதி வழில நிக்கும்போது ஏன் நிக்குதுன்னு புரியும்.

வரைபடம் வந்ததும் டேப் மார்க்கை வச்சு துண்டு போடணும். லேபிள் இல்லாத டேப்புல ரெண்டு டேப் மார்க்குக்கு நடுவுல இருக்குறது ஒரு பைல், அவ்ளோதான், பேர் கிடையாது, முதலாவது ரெண்டாவதுன்னு நம்பர்தான். பழைய யூனிக்ஸ் டிஸ்ட்ரிபியூஷன் டேப்பெல்லாம் இப்படித்தான், முதல் பைல்ல பூட் ப்ரோகிராம், அப்புறம் ரூட் பைல் சிஸ்டத்தோட டம்ப், அப்புறம் டார், ஒவ்வொண்ணுக்கும் பிளாக் அளவு வேற வேற. ரெண்டு டேப் மார்க் அடுத்தடுத்து வந்தா டேப் முடிஞ்சுதுன்னு வழக்கம்.

வழக்கம்னுதான் சொன்னேன், விதின்னு சொல்லல. லேபிள் போட்ட டேப்புல ஒவ்வொரு பைலும் மூணு பகுதி: எச்டிஆர் (ஹெடர்) லேபிள்கள், டேப் மார்க், டேட்டா, டேப் மார்க், இஓஎஃப் (எண்ட் ஆஃப் பைல்) லேபிள்கள், டேப் மார்க். டேட்டாவே இல்லாத காலி பைல் ஒண்ணு நடுவுல இருந்தா எச்டிஆருக்கு அப்புறம் டேப் மார்க், உடனே இன்னொரு டேப் மார்க். ரெட்டை மார்க்கை பாத்ததும் முடிஞ்சுதுன்னு நிறுத்துற கருவி அங்கேயே கடையை சாத்திடும், அதுக்கு பின்னாடி பத்து பைல் இருந்தாலும் உங்களுக்கு தெரியாது. இன்னொரு பக்கம், நிஜமான ரெட்டை மார்க்குக்கு அப்புறமும் டேட்டா இருக்கும். நீளமா எழுதின டேப்பை அப்புறம் எடுத்து சின்னதா ஏதோ எழுதினா பழைய டேட்டாவோட வால் அப்படியே கிடக்கும், முதல் ரெக்கார்டு பாதில வெட்டுப்பட்டு எரரோட வரும், அதுக்கப்புறம் சுத்தமா வரும். இமேஜ் எடுத்தவங்க அந்த இடத்தை தாண்டி படிச்சிருந்தா அது கன்டெய்னர்லயும் இருக்கும். நான் எப்பவும் பைலோட கடைசி பைட்டு வரைக்கும் போவேன், ரெட்டை மார்க்கை வெறும் குறிப்பா மட்டும் எழுதிக்குவேன். சுவாரசியமான சமாச்சாரம் பல சமயம் அந்த வால்லதான் இருக்கும்.

லேபிள் இருந்தா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. எச்டிஆர்1ல அஞ்சாவது எழுத்துல இருந்து 17 எழுத்து பைல் பேர். ஐபிஎம் டேட்டாசெட் பேர் 44 எழுத்து வரைக்கும் போகும், இங்க இடம் 17தான், அதனால வலது பக்க 17 எழுத்தை மட்டும் வச்சுக்கும், இடது பக்கம் வெட்டுப்படும், பேர் பாதில ஆரம்பிக்கிற மாதிரி இருந்தா பயப்படாதீங்க. 42வதுல இருந்து ஆறு எழுத்து உருவாக்கின தேதி: ஒரு ஸ்பேஸ், ரெண்டு இலக்க வருஷம், மூணு இலக்க நாள். 83045னு இருந்தா 1983ஓட 45வது நாள், அதாவது பிப்ரவரி 14. அந்த முதல் ஸ்பேஸுக்கு பதிலா பூஜ்யம் இருந்தா 2000க்கு அப்புறம். 55வதுல இருந்து ஆறு எழுத்து பிளாக் எண்ணிக்கை, எச்டிஆர்1ல அது பூஜ்யமாத்தான் இருக்கும், எழுதும்போது எத்தனைன்னு தெரியாதே, கடைசில வர்ற இஓஎஃப்1ல நிஜ எண் இருக்கும். இதை உங்க ஸ்கிரிப்ட் எண்ணினதோட ஒப்பிட்டு பாருங்க. நாப்பது வருஷத்துக்கு முன்னாடி எழுதினவங்களே உங்களுக்கு விட்டுட்டு போன சோதனை, ஓசில கிடைக்குது, ஆனா இதை பாக்குற கருவி ரொம்ப கம்மி. இஓஎஃப்1 இருக்க வேண்டிய இடத்துல இஓவி1 இருந்தா பைல் இன்னும் முடியல, அடுத்த ரீல்ல தொடருது, அந்த ரீலோட இமேஜை தேடுங்க.

எச்டிஆர்2ல அஞ்சாவது எழுத்து ரெக்கார்டு வகை, அடுத்த அஞ்சு எழுத்து பிளாக் நீளம், அதுக்கடுத்த அஞ்சு ரெக்கார்டு நீளம். வகை எஃப்னா நிலையான நீளம், பிளாக்கை ரெக்கார்டு நீளத்தால வகுத்து வெட்டிட்டு போயிடலாம். இதுல புதுவரி எழுத்தே கிடையாது, 80 எழுத்து முடிஞ்சா அடுத்தது, அவ்ளோதான், நீங்கதான் ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி புதுவரி போட்டு வலது பக்க ஸ்பேஸை கழட்டணும். மாறுற நீளம்னா ஐபிஎம்ல வி, ஆன்சி (அமெரிக்க தர நிர்ணய அமைப்பு) லேபிள்ல டி, பாக்க ஒரே விஷயம் மாதிரி இருக்கும், உள்ள வேற. ஐபிஎம் வி வகைல பிளாக்குக்கு முன்னாடி நாலு பைட்டு, ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் முன்னாடி நாலு பைட்டு, முதல் ரெண்டு பைட்டுல பைனரியா பிக் எண்டியன்ல நீளம், அந்த நாலையும் சேத்த கணக்கு. ஆன்சி டி வகைல நாலு இலக்கத்தை எழுத்தாவே எழுதியிருக்கும், 0084னு, அதுலயும் அந்த நாலு சேத்தி. பிளாக் கடைசில இடம் மிச்சம் இருந்தா கேரட் குறியா போட்டு நிரப்பியிருக்கும். அந்த கேரட்டை டேட்டான்னு நினைச்சு பைலோட ஒட்டி வச்சிருக்குறதை நிறைய இடத்துல பாத்திருக்கேன். பிளாக் எல்லை தெரியாம எல்லாத்தையும் ஒட்டிட்டா இந்த டி வகையை பிரிக்கிறது கிட்டத்தட்ட குருட்டு வேலை, அதுக்குத்தான் ஆரம்பத்துல எல்லை எல்லைன்னு அடிச்சுக்கிட்டேன்.

இது வரைக்கும் டேப்புல இருந்து டேப் பைல் வெளிய வந்திருக்கு. பல சமயம் அதுவே இன்னொரு மூட்டை. டாரா இருந்தா ரெக்கார்டை எல்லாம் ஒட்டி நேரா டார் கமாண்ட்ல கொடுத்துடலாம், இன்னைக்கு இருக்குற டார் 1979 டாரையும் படிக்கும், அந்த காலத்து டார்ல 257வது பைட்டுல இருக்குற யூஸ்டார் அடையாளம் இருக்காது, ஹெடர் செக்சம் மட்டும்தான் இருக்கும், அதனால பைல் என்ன வகைன்னு சொல்ற 'பைல்' கமாண்ட் சில சமயம் "டேட்டா"ன்னு சொல்லி கையை விரிச்சிடும், அதை கண்டுக்காம டார்ல போடுங்க. விஎம்எஸ்ங்கற டிஇசி ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட பேக்கப் சேவ்செட்டா இருந்தா விஎம்எஸ்பேக்கப்னு ஒரு பழைய ப்ரோகிராம் இருக்கு, இல்லன்னா எமுலேட்டர்ல விஎம்எஸ்ஸையே ஓட்டி அதுகிட்டயே கொடுத்துடலாம். விஎம்எஸ் பேக்கப்பை வடிவமைச்சவங்களுக்கு ஒரு சலாம் போடணும், பத்து பிளாக்குக்கு ஒரு எக்ஸார் பிளாக் (அந்த பத்தையும் சேத்து கணக்கு போட்டது) போட்டு வச்சிருப்பாங்க, அந்த கூட்டத்துல ஒரு பிளாக் போச்சுன்னா மீதியை வச்சு திருப்பி கட்டிடலாம். சிம்எச்ல எரர் பிட் ஆன் ஆன ரெக்கார்டு எதுன்னு குறிச்சு வச்சிருந்தா எதை திருப்பி கட்டணும்னு தெரியும். எரர் ரெக்கார்டை சத்தமில்லாம தூக்கிப்போடுற கருவியை பயன்படுத்தினா அந்த வாய்ப்பு போயிடும், எத்தனாவது பிளாக் காணோம்னே தெரியாது.

பிடிபி-10 டேப்பு இன்னொரு ரகம். 36 பிட் வேர்டு, டேப்புல எட்டு பிட்டு பைட்டு, அதனால கோர் டம்ப் முறைல ஒரு வேர்டை அஞ்சு பைட்டா எழுதியிருக்கும், நாலு முழு பைட்டு, அஞ்சாவதுல நாலு பிட்டுதான். டெக்ஸ்ட்டோ ஒரு வேர்டுக்கு ஏழு பிட் எழுத்து அஞ்சு, ஒரு பிட் மிச்சம். ரெண்டுமே அஞ்சு அஞ்சா இருக்குறதால பாக்க நேரா படிச்சிடலாம் போல தோணும், முதல் எழுத்து கூட கண்ணுக்கு சரியா படாது, எல்லாம் பிட்டு தள்ளி உக்காந்திருக்கும். அஞ்சு பைட்டையும் ஒரு 36 பிட் எண்ணா சேத்துட்டு மேல இருந்து ஏழு ஏழா வெட்டினா அப்படியே ஆங்கிலம் வந்து நிக்கும். பிடிபி-11ல 32 பிட் எண் இன்னொரு வினோதம், மேல் வேர்டு முதல்ல, ஒவ்வொரு வேர்டுக்குள்ளயும் கீழ் பைட்டு முதல்ல, அதனால 1ங்கற எண் 00 00 01 00ன்னு இருக்கும். பழைய யூனிக்ஸ் டம்ப்புல பைல் சைஸ் எல்லாம் தாறுமாறா வந்தா முதல்ல இதை சந்தேகப்படுங்க.

ஈபிசிடிக்ல இருந்து ஆஸ்கிக்கு மாத்துறதை கடைசி வரைக்கும் தள்ளிப்போடுங்கன்னு சொல்லுவேன். டிடி கமாண்ட்ல மாத்துற ஆப்ஷன் இருக்குன்னு முழு டேப்பையும் ஒரே அடில மாத்திட்டாங்கன்னா பேக்டு டெசிமல் (ஒரு பைட்டுக்கு ரெண்டு இலக்கமா எழுதின எண்), பைனரி நீளம் எல்லாம் சேந்து மாறிடும், நீள பைட்டே மாறின பிறகு ரெக்கார்டை எதை வச்சு பிரிக்கிறது. பைலா பிரிச்சு, ரெக்கார்டா பிரிச்சு, அதுலயும் டெக்ஸ்ட்டுன்னு உறுதியானதை மட்டும் மாத்துங்க. மாத்தும்போது ஈபிசிடிக்ல எந்த வகை, அதாவது கோட் பேஜ் 037ஆ 1047ஆன்னு பாருங்க, ரெண்டுலயும் சதுர அடைப்புக்குறி வேற வேற இடத்துல இருக்கு. கோபால் (COBOL) ப்ரோகிராம்ல பெருசா தெரியாது, சி ப்ரோகிராம்னா வரிக்கு வரி பல்லிளிக்கும்.

இப்பல்லாம் இமேஜ் எடுக்குற பக்கமும் நல்லா மாறியிருக்கு. லென் ஷுஸ்டெக் எழுதின ரீட்டேப்னு ஒரு சாப்ட்வேர், டேப் ஹெட்ல இருந்து வர்ற அனலாக் அலையையே பதிவு பண்ணிட்டு அதுல இருந்து பிட்டை கணக்கு போட்டு எடுக்கும், வெளிய சிம்எச் பார்மட்ல கொடுக்கும். பழைய டிரைவ் "படிக்க முடியல"ன்னு விட்ட ரெக்கார்டை கூட அலையை திருப்பி திருப்பி அலசி எடுக்க முடியுது. 2025ல யூட்டா பல்கலைக்கழகத்துல கிடைச்ச யூனிக்ஸ் நாலாம் பதிப்பு டேப்பை கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்துல படிச்சு எடுத்தாங்கல்ல, இந்த மாதிரி வேலைக்காரங்க கைதான் அதுக்கு பின்னாடி.

வெளிய எடுத்த பைலுக்கு பேர் வைக்கிறதுல ஒரு விஷயம். ஒரே டேப்புல ஒரே பேர்ல நாலு பைல் இருக்கலாம், டேப்புல அதுக்கு தடை எதுவும் இல்ல, பேரை மட்டும் வச்சு சேவ் பண்ணினா கடைசி பைல் முந்தின மூணையும் மிதிச்சிடும். அதனால நான் முன்னாடி வரிசை நம்பர் போட்டுடுவேன், 001, 002ன்னு, அதுக்கப்புறம் லேபிள்ல இருக்குற பேர். ஒவ்வொரு பைலுக்கு பக்கத்துலயும் ஒரு குட்டி டெக்ஸ்ட் பைல், அதுல அந்த எச்டிஆர் லேபிள் அப்படியே, ரெக்கார்டு நீளங்கள், எரர் வந்த ரெக்கார்டு நம்பர், ஒரிஜினல் இமேஜ்ல எந்த பைட்டுல இருந்து எந்த பைட்டு வரைக்கும்னு. ஒரிஜினல் இமேஜை ரீட் ஒன்லி ஆக்கி, எஸ்எச்ஏ-256 (பைலோட கைரேகை மாதிரி ஒரு எண்) எடுத்து, தொடாம வச்சுக்கணும். டிஸ்க்ல இடம் பத்தலன்னு அதை அழிச்சிட்டு "பைல்தான் எடுத்தாச்சே"ன்னு சொல்றவங்களுக்கு: ஒரு முழு 1600 ரீலே 46 எம்பிக்கு மேல போகாது, உங்க போன்ல இருக்குற ஒரு வீடியோ அதை விட பெருசு.